ஒரு சிட்டிகை வெண்பொடி

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை அடுப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படியே. அறையின் கோடியில் இருந்த ஓவன் அவளுக்குச் சொந்தம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அது சூடேறாத நாளும் இல்லை, அதன் முன்னால் அவள் நிற்காத நாளும் இல்லை.

அவள் சமைத்தது கல். சிலிக்கா, கொஞ்சம் அலுமினா, காரம், தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கூழாகக் கலக்குவாள். கூடவே ஒரு கரிமப் பொருளையும் விடுவாள். கூழை டெஃப்லான் கிண்ணத்தில் ஊற்றி, கிண்ணத்தை எஃகு உறைக்குள் இறக்கி, மூடியைத் திருகி இறுக்கி ஓவனுக்குள் வைத்துவிட்டால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி ஓடவும் வழியில்லாமல் சும்மா இருக்கவும் முடியாமல் தவிக்கும். அந்த அழுத்தத்தில், நாள் போகப் போக, கரிமப் பொருளின் ஒவ்வொரு மூலக்கூறையும் சுற்றிக் கல்சுவர் எழும்பும். பிறகு அதைக் காற்றில் எரித்தால் உள்ளே குடியிருந்தது புகையாய்ப் போய்விடும். அறைகள் மட்டும் மிஞ்சும். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி அறைகள் கொண்ட அந்தக் கல்லுக்கு ஜியோலைட் என்று பெயர். கச்சா எண்ணெயைப் பிரிப்பதும், அழுக்குத் தண்ணீரிலிருந்து நஞ்சைப் பிடித்து வைப்பதும் அந்தக் காலி அறைகள்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி போன் செய்வான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் அவள் வளர்த்த தம்பி. இப்போது வேறு ஊரில் மனைவி, மகள் என்று இருக்கிறான். அவன் இரண்டு வார்த்தை பேசியதும் மகள் போனைப் பிடுங்கிக்கொள்வாள்.

"அத்தை, இந்த வாரமும் கல்லுதானா?"

"ஆமாண்டி கண்ணு, கல்லுதான்."

"வெந்துச்சா?"

"எங்க வேகுது! நீ வந்து ஊதிவிடு, வேகும்."

குழந்தை சிரிப்பாள். அப்புறம் யாரோ கூப்பிடுவார்கள், போன் வைக்கப்படும். அடுப்பக்கா கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருப்பாள். அவளுடைய அறையில் ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர் தெரியும். மழைக்காலத்தில் அந்தச் சுவரில் பாசி படரும், வெயிலில் காய்ந்து உதிரும். பார்ப்பதற்கு அவ்வளவுதான்.

பல வருஷத் தோல்விக்குப் பிறகு ஒரு நாள் அவள் கல் வெந்தது.

அதை முதலில் பார்த்தவர் ரேடியோ. பக்கத்து மேசைக்காரர், மனைவியை இழந்தவர், எக்ஸ்ரே கருவியும் அவர் பொறுப்புதான். வாயை மூடாமல் பேசுவதால் அந்தப் பெயர். எந்தப் படிகமானாலும் அதன்மேல் எக்ஸ்ரே விழும்போது தனக்கென்று ஒரு வரிசையில் கோடுகளை எழுப்பும், மனிதனுக்குக் கைரேகை மாதிரி. அன்று அவள் கொடுத்த பொடி எழுப்பிய கோடுகள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

"அடுப்பக்கா! ஓடி வாங்க! இது யாரு வீட்டுப் பிள்ளைன்னே தெரியல!" என்று அவர் போட்ட கூச்சலில் மாடியிலிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

உலகத்தில் அதுவரை இல்லாத ஒரு கல். அவள் அந்தக் கோடுகளைப் பார்த்தபடி நின்றாள். மனதுக்குள், "ஆண்டவனே, இதை எனக்கா காட்டினே?" என்று கேட்டாள்.

செய்முறையை எழுதி அனுப்பினாள். கட்டுரை அச்சாயிற்று. அன்று கிடைத்த பொடியே கொஞ்சம்தான். பலவகைச் சோதனைகளுக்கு எடுத்தது போக, நகக்கண்ணில் அடங்கும் அளவுக்கு ஒரு சிட்டிகை மிஞ்சியது. அதைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்தினாள்.

கட்டுரை அனுப்பிய கையோடு காய்ச்சல் வந்து படுத்தாள். எழுந்து வந்தபின் மறுபடி அதே கூழை, அதே அளவில், அதே கிண்ணத்தில் வைத்தாள். உறையைத் திறந்து, வடிகட்டி, உலர்த்தி, எக்ஸ்ரே எடுத்தால் குவார்ட்ஸ். ஆற்றங்கரையில் காலில் மிதிபடும் சாதாரணப் படிகம். அறையும் கிடையாது, வாசலும் கிடையாது. சரி, சூடு கூடிப்போயிருக்கும் என்று குறைத்துப் பார்த்தாள். குவார்ட்ஸ். வேறு தண்ணீர், புதுப் புட்டியிலிருந்து காரம், மெதுவான கலக்கல். எல்லாவற்றுக்கும் குவார்ட்ஸ்.

அந்தச் சமயத்தில்தான் தொலைவில் ஒரு நகரத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. எழுதியவள் அங்கே ஓர் ஆய்வு மாணவி. உங்கள் செய்முறையைப் பலமுறை செய்து பார்த்தேன், எனக்கு வரவில்லை, தவறு என்னுடையதாகத்தான் இருக்கும், எங்கே பிசகுகிறேன் என்று சொல்வீர்களா என்று பணிவாகக் கேட்டிருந்தாள். துறைத்தலைவருக்கும் ஒரு பிரதி போயிருந்தது.

அடுப்பக்கா அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். என்ன எழுதுவது? எனக்கே வரவில்லை என்று எழுத விரல் ஓடவில்லை. மூடி வைத்துவிட்டாள்.

தலைவர் கெட்டவரல்ல. கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பேசினார்.

"நான் உங்களை நம்பலன்னு இல்லம்மா. ஆனா ஒருத்தர் ஒரே ஒரு தடவை பார்த்ததை ஊருக்கெல்லாம் பார்த்தேன்னு சொல்ல முடியாதே. எதையோ எதோடயோ கலந்துட்டு எக்ஸ்ரே எடுத்துட்டாங்கன்னு பேசுவாங்க. அடுத்த கூட்டத்துக்குள்ள இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க. இல்லன்னா கட்டுரையைத் திருப்பி வாங்கிடுவோம். கௌரவமா நாமளே வாங்கிடலாம்."

"செஞ்சு காட்டறேன் சார்."

"முடியும்ல?"

அவள் தலையை ஆட்டினாள். அது ஆம் என்றா இல்லை என்றா என்று அவளுக்கே தெரியாது.

அன்றிலிருந்து அந்தக் குப்பிதான் அவளுக்கு ஒரே துணை. வேலை ஓய்ந்த நேரத்தில் இழுப்பறையைத் திறந்து பார்ப்பாள். நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு உலகத்திலேயே ஒரு சாட்சி அந்த ஒரு சிட்டிகைதான். இருக்கிறது என்று தெரிந்துகொண்டு மூடிவிடுவாள்.

தம்பியிடம் சொன்னபோது, "விட்டுத் தொலைக்கா. இங்க வந்துடு, எங்களோட இரு," என்றான். அன்போடுதான் சொன்னான். ஆனால் பின்னாலிருந்து அவன் மனைவி, "எந்த ரூம்ல?" என்று கேட்டதும் அவள் காதில் விழுந்தது. அதிலும் தப்பில்லை. வீடு சின்னது. "பார்க்கலாம்டா," என்று பேச்சை மாற்றினாள்.

ஒரு மத்தியானம் மறுபடி குவார்ட்ஸ் வந்தது. ரேடியோ அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு, எப்போதும்போல, "ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஆத்து மணலுக்குப் பஞ்சம் வந்தா நம்மகிட்டதான் வரணும்," என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கிண்ணங்களை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு என்னமோ கிண்ணத்துமேலதான் சந்தேகம். நான் எப்பவும் சோப்பும் பிரஷும்தான் போடுவேன். உள்ள பழைய அழுக்கு ஒட்டியிருக்கும் போல. இன்னிக்கு நல்லா காரத்தை ஊத்தி ஓவன்ல வெச்சுச் சுத்தம் பண்ணிடறேன்."

"எதுக்கு வேலை மெனக்கெட்டு? அதைத்தான் நான் அப்பவே பண்ணிட்டேனே!"

"எப்ப?"

"நீங்க காய்ச்சல்ல கிடந்தப்ப. ஒருத்தர் கிண்ணத்தை இன்னொருத்தர் தொடக்கூடாதுங்கறது சட்டம்தான். யாரு பார்க்கப் போறா? பாவம், படுத்துட்டு வர்றவங்க இதையும் தேய்க்கணுமான்னு எல்லாத்தையும் காரத்துல ஊறப்போட்டு, சூட்டுல வெச்சு, பளிச்சுனு கழுவி அடுக்கினேன். சுவரெல்லாம் ஒரு வெள்ளைப் படலம், சும்மா சாம்பல் பூத்த மாதிரி. லேசுல போச்சுங்கறீங்க? ரெண்டு தடவை…"

அவர் அங்கேயே நின்றுவிட்டார். சொல்லச் சொல்ல அவருக்கே புரிந்துவிட்டது. அவரும் இந்தத் தொழிலில் தலை நரைத்தவர்தானே.

படிகம் ஒன்று தடையில்லாமல் வளர விதை வேண்டும். அதே வகைப் படிகத்தின் துகள் ஒன்று கூழில் கிடந்தால், மற்றது அதைப் பிடித்துக்கொண்டு அதைப்போலவே வளரும். பல வருஷத் தோல்விகளில், யார் கண்ணுக்கும் படாமல், ஒவ்வொரு தடவையும் ஏதோ சில துகள்கள் புதுவகையில் பிறந்து கிண்ணத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சோப்புக்கும் பிரஷுக்கும் அவை அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒரு நாள் போதுமான அளவு ஆகி, கூழ் முழுவதையும் தம் வழிக்கு இழுத்துக்கொண்டுவிட்டன. அந்தப் படலம்தான் அவளுடைய கல். அதைத்தான் ரேடியோ தேய்த்துக் கழுவி விட்டிருந்தார்.

"அடுப்பக்கா…" என்றார்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவர் முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தெருவில் நடக்கும்போது உடம்பெல்லாம் கொதித்தது. யார் கேட்டார்கள் இவரை? சட்டம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? தலைவரிடம் போய், என் கிண்ணங்களை இவர் கழுவிவிட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் பேர் பிழைக்கும். பழி இருக்க வேண்டிய இடத்தில் போய் இருக்கும். சொல்லப்போவது பொய்யும் இல்லை.

அறைக்கு வந்து, விளக்கைப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். இதே கட்டிலில்தான் அந்தக் காய்ச்சலில் கிடந்தாள். அப்போது தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. மருந்துக் கடைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வந்தாள். தம்பிக்குச் சொல்லவில்லை, வீணாக அலைவான் என்று. படியேறி யாரும் வரவில்லை. நான் இல்லாவிட்டால் இந்த உலகத்தில் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று எதிர்ச்சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்த நாட்களைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

அதே நாட்களில் ஒரு மனிதர், பாவம், படுத்துட்டு வர்றவங்க என்று நினைத்திருக்கிறார். கையில் உறை மாட்டிக்கொண்டு, காரம் தெறிக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவளுடைய கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்திருக்கிறார். அவ்வளவு பேசுகிறவர், அதை மட்டும் சொல்லிக் காட்டவே இல்லை.

அவள் நெடுநேரம் அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று பிரித்துப் பார்க்கவில்லை. கடவுள் நமக்கு அனுப்புவதை எப்போதும் நாம் கேட்ட உருவத்தில் அனுப்புவதில்லை. வாசலில் நின்றது அன்புதான் என்று தெரிய சில சமயம் அழுது முடிக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் ரேடியோ பேசவில்லை. காலையில் வணக்கமில்லை, கேலியில்லை. எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆய்வுக்கூடம் முழுக்க வடிகட்டும் பம்பின் ஓசை மட்டும் கேட்டது. இந்த மனுஷர் கொஞ்சம் வாயை மூடமாட்டாரா என்று அவள் எத்தனையோ நாள் வேண்டியதுண்டு. இப்போது மூடிக்கொண்டது பொறுக்கவில்லை.

கதவைத் தட்டி உள்ளே போனாள். அவர் அவசரமாக எழுந்தார்.

"நானே தலைவர்கிட்ட சொல்லிடறேன். இன்னிக்கே சொல்லிடறேன். தப்பு என்னோடது."

"உட்காருங்க அண்ணா."

"இல்ல, நான் பண்ணினது…"

"உட்காருங்கன்னா உட்காருங்க. காய்ச்சல் வந்தவளுக்குப் பாத்திரம் கழுவினது ஒரு குத்தமா? அப்படிப் பார்த்தா கிண்ணத்தை வருஷக்கணக்கா ஒழுங்கா கழுவாத நான்தான் முதல் குத்தவாளி. கழுவியிருந்தா அந்தக் கல்லே பிறந்திருக்காது. அதையும் போய்ச் சொல்லலாமா?"

அவர் உட்கார்ந்தார். அவள் கையைத் திறந்து காட்டினாள். உள்ளே குப்பி இருந்தது.

"விதை இருக்கு," என்றாள்.

அவருக்கு முகம் வெளுத்தது. "வேண்டாம் அக்கா. அது ஒண்ணுதான் உங்க கையில இருக்கற சாட்சி. கூழ்ல போட்டுட்டா கரைஞ்சாலும் கரைஞ்சுடும். வரலன்னு வையுங்க, அப்புறம் காட்டறதுக்குத் தூசிகூட இருக்காது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"இதை வெச்சுக்கிட்டு நான் மட்டும்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். அங்க ஒரு பொண்ணு, வராத ஒண்ணைச் செஞ்சு செஞ்சு பார்த்துட்டு, தப்பு தன்னோடதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. குப்பியில கிடந்து இது யாருக்குச் சாட்சி சொல்லும்?"

அவள் குப்பியை அவர் பக்கம் நீட்டினாள். "நீங்கதான் அரைச்சுத் தரணும்."

"நானா? என் கை பட்டதுதான் போதாதா?"

"அதே கைதான் வேணும்."

கூழைக் குறைவாகக் கலக்கினாள், இருப்பதிலேயே சின்னக் கிண்ணத்துக்கு வேண்டிய அளவுதான். கழுவிப் பளபளத்த அதே கிண்ணம். ரேடியோ அந்தச் சிட்டிகையைக் கல்லுரலில் இட்டு அரைத்தார். ஒரு துகளை உடைத்தால் பல விதை, பொடியப் பொடிய விதை பெருகும். மூச்சுவிட்டால் பறந்துவிடும் என்று இருவரும் வாயில் துணி கட்டியிருந்தார்கள். உரலில் ஒட்டியதையும் சொட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கூழிலேயே சேர்த்தார். குப்பியில் இப்போது ஒன்றுமில்லை. அவள் மூடியைத் திருகினாள். அவர் இன்னொரு தரம் இறுக்கினார். ஓவன் கதவைச் சாத்தும்போது எப்போதும் சொல்வதைச் சொன்னாள்: "ஆண்டவனே, உள்ள இருக்கறதைப் பார்த்துக்கோ."

"யாரைப் பார்த்துச் சொல்றீங்க?" என்றார் ரேடியோ.

"உங்களை இல்ல."

அவர் லேசாகச் சிரித்தார்.

காத்திருந்த நாட்களில் இழுப்பறையைத் திறந்து பார்க்க அவளுக்கு ஒன்றுமில்லை. பழக்கத்தில் கை போகும், திரும்பி வரும். ஒன்றுமே கையில் இல்லாமல் இருப்பது பயமாகத்தான் இருந்தது. ஆனால் வினோதம், தூக்கம் மட்டும் நன்றாக வந்தது.

ஓவனிலிருந்து எடுத்து, உறையைத் தண்ணீரில் ஆறவைத்து, திறந்தபோது அடியில் வெண்மை படிந்திருந்தது. குவார்ட்ஸும் வெள்ளைதான். கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. வடிகட்டி உலர்த்தி ரேடியோவிடம் கொடுத்தாள். அவர் கதவைத் திறந்தே வைத்தார். அவள் வாசலில் சுவரோடு சாய்ந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருவி ஓடும் சத்தம் கேட்டது. அவர் பேசவில்லை. அது அவளுக்குக் கெட்ட சகுனமாகப் பட்டது. தலை நிமிர்ந்தபோது அவர் திரையைப் பார்த்தபடி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதே பிள்ளைதான்," என்றார்.

திரையில் அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் இருந்தன.

தலைவரிடம் இருவரும் சேர்ந்து போனார்கள். கட்டுரைக்கு ஒரு திருத்தம் போட வேண்டும் என்றாள் அவள். விதை இல்லாமல் இந்தக் கல் வராது, முதல்முறை வந்ததற்குக் காரணம் கிண்ணத்தில் ஒட்டியிருந்த எச்சம், அதை நான் கவனிக்கவில்லை என்றாள். ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் மேசைக்கு அடியில் அவர் செருப்பை மிதித்தாள். தலைவர் முகம் சுளித்தார். தானாகப் பிறந்த கல் என்றால் பெருமை வேறு, விதை போட்டு வளர்த்தது என்றால் வேறு. "உங்க பேருக்குத்தான் கொஞ்சம் குறைச்சல்," என்றார். "பரவாயில்ல சார். உள்ளது அதுதான்," என்றாள்.

புதுப்பொடியில் பாதியை ஒரு குப்பியில் அடைத்து, அந்த மாணவிக்கு அனுப்பத் தபால் நிலையம் போனாள். கவுன்டரில் இருந்த அம்மாள் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தாள்.

"உள்ள என்ன?"

"பொடி."

"என்ன பொடி? முகத்துக்குப் போடறதா?"

"இல்லம்மா. வெள்ளைக் கல்லுப் பொடி."

"வெள்ளைப் பொடியா?" அந்த அம்மாள் பெட்டியை இரண்டு விரலால் அவள் பக்கம் தள்ளினாள். "அம்மா தாயே, நீ நல்லவளாத்தான் தெரியற. ஆனா இதை அனுப்பினா என்னையும் சேர்த்துக் கொண்டு போயிடுவாங்க. கையோட எடுத்துட்டுப் போய்க் குடுத்துடேன், புண்ணியமாப் போகும்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அடுப்பக்கா வெளியே வந்து படியில் நின்று அதையே யோசித்தாள். பதில் எழுதாமல் விட்ட மின்னஞ்சல் நினைவுக்கு வந்தது. மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

நெடும் பயணம். பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. மடியில் கைப்பை, பைக்குள் குப்பி. வெளியே வயல் போயிற்று, கிடங்குகள் போயின, பேர் தெரியாத ஊர்களின் பின்புறங்கள் போயின. இவ்வளவு தூரம் தனியாகப் போய் என்ன பேசப்போகிறோம் என்று இருந்தது. அவளுக்கு முன்பின் தெரியாத ஒருத்தி. ஒருவேளை கதவைத் திறந்து, சரி, வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிடலாம். அதற்கும் தயாராகத்தான் இருந்தாள்.

அந்த ஆய்வுக்கூடம் ஒரு நீண்ட நடைபாதையின் முடிவில் இருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரு பெண், தனியாக, ஓவனுக்கு முன்னால் நின்று எஃகு உறையைத் திருகிக்கொண்டிருந்தாள். அடுப்பக்கா நினைத்ததைவிடச் சின்னவள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"யாரைப் பார்க்கணும்?"

"உங்களைத்தாம்மா. நீங்க ஒரு கேள்வி கேட்டிருந்தீங்க. பதில் சொல்ல லேட்டாயிடுச்சு." அவள் குப்பியை எடுத்து நீட்டினாள். "தப்பு உங்களோடது இல்ல. எனக்கும்தான் வரல. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அந்தப் பெண் குப்பியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "எங்க சார் என் கைக்கு ராசியில்லன்னுட்டாரு," என்றாள். "நானும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன்."

"கைக்கெல்லாம் ஒண்ணுமில்ல. கை நல்ல கைதான்."

மேசைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றின்மேல் புத்தகங்கள், ஈரக்குடை, மடித்த கோட்டு எல்லாம் குவிந்து கிடந்தன. வெகுநாளாக அதில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அந்தப் பெண் அவை அத்தனையையும் இரு கையாலும் வாரித் தரையில் வைத்துவிட்டு, கோட்டின் முனையால் நாற்காலியைத் துடைத்தாள்.